மெரினா வாங்கிய கடன்

போன மாதம் அக்கா குடும்பம் திருச்செந்தூர் பக்கத்திலிருந்து வந்திருந்தது. சென்னைக்கு வருகிறவர்களுக்கு நாம் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஒரு நாள் தி.நகர், ஒரு நாள் மெரினா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெரினாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காமராஜர் சாலையில் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடக்க ஆரம்பித்தோம். நடந்தோம், நடந்தோம், நடந்துகொண்டே இருந்தோம். அக்காவுக்கு முட்டிவலி. பாதி வழியில் நின்றுவிட்டாள்.

‘‘கடலு எங்கலே இருக்கு? தேரிக்காட்டைத் தாண்டுற மாதிரில்லா இருக்கு!’’

அவள் பையனுக்கு ஒன்பது வயது. சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தபடி கேட்டான்: ‘‘மாமா, இவ்வளவு மணலையும் யாரு கொண்டாந்து கொட்டுனாங்க?’’

சிரித்துவிட்டேன். ‘‘யாரும் கொட்டலைடா. கடல்தான் கொண்டுவந்து போட்டுச்சு. இயற்கை’’ என்றேன். பெரிய மனுஷத்தனமான பதில். இரவு வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறுத்தியது. பையன் கேட்ட கேள்வி சரி, நான் சொன்ன பதில் தப்பு. அந்த மணல் சும்மா வரவில்லை. வடக்கே போய்க்கொண்டிருந்த மணலை வழியில் ஒருவர் மறித்தார். மறித்தவருக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு, வருஷம்கூட உண்டு.

விஷயம் இதுதான். மதராஸ் என்ற ஊருக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. வளைகுடா இல்லை, ஆழமான ஆற்று முகத்துவாரம் இல்லை, கப்பல் ஒதுங்க ஒரு மூலை கிடையாது. நேர்கோடு போட்டது மாதிரி ஒரு கரை, அதில் ஓயாமல் அடிக்கும் அலை. இந்த இடத்தில் போய் 1639-ல் ஆங்கிலேயர்கள் ஏன் கடை விரித்தார்கள் என்பது வரலாற்றுப் பேராசிரியர்கள் பேசித் தீர்க்க வேண்டிய சமாசாரம். கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் மூட்டைகளும் மசூலா படகில் ஏறிக் கரைக்கு வரவேண்டும். ஆணியே அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு. அலை தூக்கிப் போட்டால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். அதை ஓட்டத் தெரிந்தவர்கள் நம் மீனவர்கள் மட்டும்தான். கவர்னரானாலும் சரி, கவர்னரின் பெண்டாட்டியானாலும் சரி, சென்னை மண்ணை மிதிப்பதற்குள் முழுக்க நனைந்தாக வேண்டும்.

அந்தக் காலத்தில் கடல் ஏறத்தாழ புனித ஜார்ஜ் கோட்டையின் வாசலிலேயே இருந்தது. கோட்டையின் கிழக்கு வாசலுக்குக் கடல் வாசல் என்றே பெயர். திருவல்லிக்கேணியில் ஐஸ் ஹவுஸ் இருக்கிறதே, விவேகானந்தர் 1897-ல் தங்கிய கட்டடம், அதை 1842-ல் கட்டியது அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைப்பதற்கு. உருகிப்போகிற சரக்கு. கரையை ஒட்டிக் கட்டினால்தானே இறக்கியதும் உள்ளே தள்ள முடியும்? இன்றைக்கு ஐஸ் ஹவுஸ் வாசலிலிருந்து கடலில் கால் நனைக்கப் போகிறவர், கையில் ஐஸ்க்ரீம் வாங்கிக்கொண்டு கிளம்பினால் பாதி வழியிலேயே பால்தான் மிஞ்சும்.

நனைந்து நனைந்து அலுத்துப்போன வியாபாரிகள் துறைமுகம் கேட்டார்கள். முதலில் 1861-ல் கடலுக்குள் நீட்டி ஒரு இரும்புப் பாலம் போட்டார்கள். புயலும் கப்பல் மோதலும் அதைப் பதம் பார்த்தன. பிறகு 1875-ல் வேல்ஸ் இளவரசர் வந்து துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கரையிலிருந்து இரண்டு கற்கரங்கள் கடலுக்குள் நீண்டு, உள்ளே ஒரு அமைதியான குளத்தை உண்டாக்க வேண்டும் என்பது திட்டம். வேலை முடியப்போகிற சமயத்தில் 1881-ல் ஒரு புயல் வந்து உடைத்துப் போட்டது. வெள்ளைக்காரன் விடவில்லை. மறுபடியும் கட்டி, 1890-களின் நடுவில் முடித்தான்.

கடல் அதோடு விட்டுவிடவில்லை. புயலை விடப் பொறுமையான ஒரு ஆயுதம் அதனிடம் இருந்தது. மணல்.

*

மணல் எப்படி நகர்கிறது என்பதை ஒரு பஸ் ரூட் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நம் கிழக்குக் கரையில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள், அதாவது மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை, அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் மோதுகிறது. மோதும்போது மணலைக் கொஞ்சம் வடக்குப் பக்கமாக மேலே ஏற்றும். திரும்பும்போது நேராகக் கீழே இழுக்கும். அடுத்த அலை மறுபடியும் சாய்வாக ஏற்றும். இப்படி ஒவ்வொரு மணலும் ரம்பப் பல் மாதிரி கோடு போட்டுக்கொண்டே வடக்கே போகிறது. வாடைக்காற்று அடிக்கும் மழைக்கால மாதங்களில் இதே பஸ் தெற்கே திரும்பி ஓடும். ஆனால் அந்த டிரிப்பில் கூட்டம் குறைவு. வருஷக் கணக்கை முடித்துப் பார்த்தால், லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் தெற்கிலிருந்து வடக்கே போயிருக்கும்.

இந்த பஸ் ஆயிரக்கணக்கான வருஷங்களாக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஊரிலும் மணல் இறங்கும், ஏறும். மயிலாப்பூரில் ஏறியது ராயபுரத்தில் இறங்கும். ராயபுரத்தில் ஏறியது எண்ணூரில் இறங்கும். அதனால்தான் கரை இருந்த இடத்திலேயே இருந்தது. கரை என்பது ஒரே இடத்தில் கிடக்கிற பொருள் என்று நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது வரவும் செலவும் சமமாக இருக்கிற ஒரு பேங்க் அக்கவுன்ட். வரவு நின்றால் செலவு நிற்காது.

பாரிமுனைக்கு நேரே ஒரு கற்சுவர் குறுக்கே வந்ததும் பஸ் அங்கேயே நின்றுவிட்டது. தெற்கிலிருந்து வந்த பயணிகளெல்லாம் இறங்கி அங்கேயே குடித்தனம் போட்டார்கள். அதுதான் மெரினா. 1880-களில் கிராண்ட் டஃப் என்ற கவர்னர் கடற்கரையில் நடைபாதை அமைத்து, இத்தாலிய ஞாபகத்தில் மெரினா என்று பெயர் வைத்தார். பெயர் வைத்தது அவர். இடத்தை அகலமாக்கிக் கொடுத்தது துறைமுகம்.

வடக்குப் பக்கம் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? அவர்கள் ஸ்டாப்பிங்கில் காத்திருக்கிறார்கள். நூற்று இருபது, நூற்று முப்பது வருஷமாக.

*

இது யாருக்கும் தெரியாமல் நடந்த விபத்தா என்றால் இல்லை. இங்கேதான் என் கோபம் ஆரம்பிக்கிறது.

சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கணிதமேதை ராமானுஜன் 1912 மார்ச்சில் மதராஸ் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது அங்கே தலைவராக இருந்தவர். ராமானுஜனின் கதையில் நல்ல மனதுள்ள வெள்ளைக்கார அதிகாரியாக இரண்டு நிமிஷம் வந்துபோவார். ஆனால் அந்த மனிதர் பெரிய எஞ்சினீயர். ஆறுகளைக் கட்டுப்படுத்துவதில் நிபுணர். 1904-ல் பொறுப்புக்கு வந்ததும் அவர் பார்த்த முதல் தலைவலி, கிழக்கு நோக்கி இருந்த துறைமுக வாயில் மணலால் தூர்ந்துகொண்டே வந்தது. வாயிலை அடைத்துவிட்டு வடகிழக்கில் புதிதாகத் திறந்தார். மதராஸ் துறைமுகத்தை ஒட்டிய கரைமணல் நகர்வைப் பற்றி விரிவாகக் கட்டுரையும் எழுதினார். மணல் எவ்வளவு வருகிறது, எந்தப் பக்கம் சேருகிறது என்பதெல்லாம் அப்போதே அளந்து பார்க்கப்பட்ட சங்கதி.

ஆக, ஒரே ஆபீஸ். ஒரு மேஜையில் ராமானுஜன் முடிவிலித் தொடர்களைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். இன்னொரு அறையில் முடிவில்லாமல் வந்துகொண்டிருக்கும் மணலைக் கணக்குப் போடுகிறார்கள். முதல் கணக்கு உலகப் புகழ் பெற்றது. இரண்டாவது கணக்கில் வரவுப் பக்கம் மட்டும் பார்க்கப்பட்டது. கப்பல் உள்ளே வர வழி இருக்கிறதா? இருக்கிறது. சரி. ராயபுரத்துக்கு மணல் போகிறதா என்ற கேள்வி அவர்களுக்கு வேலை சம்பந்தப்பட்ட கேள்வி இல்லை.

வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவன் 1947-ல் போய்விட்டான். அதற்குப் பிறகு இத்தனை வருஷம் அதே கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி.

*

மறுநாள் நான் மட்டும் காசிமேட்டுக்குப் போனேன். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் புறப்பட்ட ராயபுரம் ஸ்டேஷனைத் தாண்டி, மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டி, எண்ணூர் போகும் சாலையில் ஏறினேன். ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. மறுபக்கம் கடல் இருக்கிறது, ஆனால் கடற்கரை இல்லை. மணல் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பாறாங்கற்கள். யானைக்குட்டி சைஸில் ஒவ்வொன்றும். அதற்கு அந்தப் பக்கம் அலை வந்து மோதி, ரோட்டில் போகிறவன் மேல் உப்புத் தண்ணீர் தெளிக்கிறது.

பாறை இடுக்கில் உட்கார்ந்து ஒரு பெரியவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன்.

‘‘ஐயா, முன்னாடி இங்க கடற்கரை இருந்துச்சா?’’

நிமிர்ந்து பார்த்தார். ‘‘இன்னா சார் இப்டி கேக்குற? கரை இல்லாமயா எங்க தாத்தா கரைவலை இழுத்தாரு? அதோ அலை உடையுது பாரு, அதுக்கு அப்பால. அங்கதான் நாங்க கோலி ஆடுனோம். மூணு தெரு உள்ள பூட்ச்சு.’’

‘‘கடல் உள்ளே வந்துடுச்சு...’’

‘‘கடல் எங்க சார் வந்துச்சு? கடல் அதுபாட்டுக்குத்தான் கீது. மண்ணு வர்றத நிறுத்திட்டானுங்க.’’

பத்து வருஷமாகப் பத்திரிகை படித்து எனக்குப் புரியாததை மனிதர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த புவியியலில் நிலத்தை மாற்றுகிறவர்கள் பட்டியல் ஒன்று இருந்தது: காற்று, ஆறு, அலை, பனி, எரிமலை, பூகம்பம். ஐந்து மார்க் கேள்வி. மனப்பாடம் செய்து எழுதி ஐந்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பட்டியலில் மனிதன் இல்லை. மனிதன் நிலத்தின் மேல் குடியிருப்பவன், பயிர் செய்பவன், அவ்வளவுதான். நிலத்தைச் செய்கிறவர்களில் அவனும் ஒருவன் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அதன் விளைவை நம் பாஷையிலேயே பார்க்கலாம். செய்தித்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கடல் சீற்றம்: வீடுகள் இடிந்தன.’ ‘கடல் அரிப்பால் சாலை துண்டிப்பு.’ ‘கடல் ஊருக்குள் புகுந்தது.’ எல்லா வாக்கியத்திலும் எழுவாய் கடல்தான். சீறுகிறது, அரிக்கிறது, புகுகிறது, விழுங்குகிறது. கடலுக்கு வக்கீல் வைக்க வழியில்லை என்பதால் கேஸ் ஒருதலையாகவே முடிந்துவிடுகிறது. துறைமுகம் எழுவாயாக வரும் ஒரு வாக்கியத்தை, ‘தடுப்புச்சுவர் மணலை மறித்ததால் தெரு போயிற்று’ என்ற ஒரு வாக்கியத்தை, நான் தலைப்புச் செய்தியாகப் படித்ததே இல்லை.

இது வெறும் இலக்கணப் பிரச்னை இல்லை. இயற்கைச் சீற்றம் என்று எழுதிவிட்டால் கிடைப்பது நிவாரணம். வேட்டி, சேலை, ஐந்து கிலோ அரிசி, ஒரு போட்டோ. மனிதன் செய்தது என்று எழுதினால் கொடுக்க வேண்டியது நஷ்டஈடு. நிவாரணம் வாங்குகிறவன் கும்பிட வேண்டும். நஷ்டஈடு கேட்கிறவன் நிமிர்ந்து நிற்கலாம். ஒரு வார்த்தையில் எவ்வளவு பணமும் எவ்வளவு மரியாதையும் அடங்கியிருக்கிறது பாருங்கள்.

*

நியாயமாகவும் பேச வேண்டும். இயற்கை ஒன்றுமே செய்வதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1964 டிசம்பர் 22-ம் தேதி ராத்திரி தனுஷ்கோடியை அழித்தது எந்தத் துறைமுகமும் அல்ல, புயல். ஊர், ஸ்டேஷன், ஓடிக்கொண்டிருந்த பாசஞ்சர் ரயில் எல்லாம் ஒரே ராத்திரியில் போயின. 2004 டிசம்பர் 26 காலையில் வந்த அலைக்கு சுமத்ரா பக்கத்துக் கடலடி நிலநடுக்கம்தான் காரணம். இப்படிப்பட்ட சக்திக்கு முன்னால் மனிதன் தூசு என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரே ராத்திரியில் போனதற்கு நம்மிடம் தேதி இருக்கிறது, நினைவுச்சின்னம் இருக்கிறது. தனுஷ்கோடியின் இடிந்த சர்ச்சுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேனில் போகிறோம். வருஷத்துக்குச் சில அடி வீதம் நூறு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கும் ராயபுரத்துக்குத் தேதி கிடையாது, சின்னம் கிடையாது, டூரிஸ்ட் வேன் கிடையாது. அழிவு மெதுவாக வந்தால் நமக்கு அது அழிவாகவே தெரிவதில்லை. துறைமுகத்துக்கு வடக்கே சில நூறு மீட்டர் அகலத்துக்கு நிலம் போயிருக்கிறது. அது ஒரே நாளில் போயிருந்தால் பாடப்புத்தகத்தில் வந்திருக்கும்.

*

சரி, பரிகாரம் என்ன செய்தார்கள்? கல் போட்டார்கள்.

கடற்கரையோரம் போகிறவர்களுக்கு ‘தூண்டில் வளைவு’ என்ற வார்த்தை தெரிந்திருக்கும். கரையிலிருந்து கடலுக்குள் கற்களை வரிசையாகக் கொட்டி ஒரு கை மாதிரி நீட்டுவது. அந்தக் கை வருகிற மணலைப் பிடித்துக்கொள்ளும். 2000-களின் தொடக்கத்தில் வட சென்னையில் இப்படி வரிசையாகக் கட்டினார்கள். சில இடங்களில் கொஞ்சம் மணல் சேர்ந்ததும் உண்மை. கன்னியாகுமரி வரை பல மீனவ கிராமங்களில் இன்று முதல் கோரிக்கை இதுதான். தேர்தல் வந்தால் வாக்குறுதியும் இதுதான்.

பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், தூண்டில்! தூண்டில் போட்டால் ஒருவனுக்கு மீன் கிடைக்கும். ஆனால் அந்த மீன் அடுத்தவன் வலைக்குப் போகவிருந்தது. துறைமுகச் சுவர் செய்த அதே வேலையைத்தான் தூண்டில் வளைவு சின்ன அளவில் செய்கிறது. தெற்கே இருப்பவனுக்கு மணல், வடக்கே இருப்பவனுக்கு அரிப்பு. ஒரு கிராமத்துக்கு வளைவு கட்டி முடித்ததும் அடுத்த கிராமம் மனு எழுத உட்காருகிறது. அதற்கும் கட்டினால் அதற்கு அடுத்தது. இப்படியே போனால் நம் கடற்கரை முழுக்கக் கருங்கல்தான் மிஞ்சும். அந்தக் கல்லை உடைத்து எடுத்த மலை இருந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும்.

மனு எழுதும் மீனவரை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டு வாசலில் அலை நிற்கும்போது ‘ஐயா, நீங்கள் மணல் நகர்வு இயல் படியுங்கள்’ என்று சொல்வது அயோக்கியத்தனம். அவர் கண்முன் வைக்கப்பட்ட ஒரே மருந்து அது. வேறு மருந்தே இல்லை என்பதுபோல எழுதிக் கொடுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

புதுச்சேரிக் கதை இன்னும் கொடுமை. அங்கே சென்னையின் நூறு வருஷப் பாடம் கண்முன்னால் இருந்தது. ஆனாலும் 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கற்கரங்களை நீட்டினார்கள். மணல் தெற்கே தேங்கியது. ஊருக்கு முன்னால் இருந்த, பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து எல்லோரும் உட்கார்ந்த அந்தக் கடற்கரை, சில வருஷங்களில் காணாமல் போனது. பீச் ரோடு என்று பெயர் இருந்தது, ரோடு இருந்தது, பீச் மட்டும் இல்லை. கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்து, மாநில எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டின் கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி மீனவர் வீடுகளைத் தொட்டது. மணலுக்கு யூனியன் பிரதேசம் தெரியாது, மாநிலம் தெரியாது. ஃபைலுக்குத் தெரியும். அது எல்லையில் நின்றுவிடும்.

கடைசியில் 2018-ல், தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் யோசனைப்படி, புதுச்சேரி தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை இறக்கி, துறைமுகத்தில் தேங்கிய மணலை எடுத்து வந்து கொட்டினார்கள். பீச் திரும்பி வந்தது. ஜனங்கள் சந்தோஷமாக இறங்கிக் கால் நனைத்தார்கள். நானும் போய் நனைத்தேன். நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் கவனியுங்கள்: பீச் திரும்பி வந்தது தலைமைச் செயலகத்துக்கு எதிரே. வடக்கே மீனவர் வீட்டுக்கு எதிரே இல்லை.

*

தப்பு சுவரில் இல்லை. மணலுக்கு வழிவிடாத சுவரில் இருக்கிறது. இந்த வித்தியாசம் நம்மூர்க்காரர்களுக்குத் தெரியாததா? கல்லணையைப் பாருங்கள். காவிரியின் குறுக்கே அந்தக் காலத்துச் சோழன் கட்டியது. காலப்போக்கில் அதன் முன்னால் மணல் மேடிட்டபோது, 1830 வாக்கில் ஆர்தர் காட்டன் அணையில் அங்கங்கே வெட்டி மணற்போக்கிகள் வைத்தார். தண்ணீரைத் தடுக்க வேண்டும், மணல் போய்க்கொண்டிருக்க வேண்டும். ஆற்றில் இது தெரிந்த அரசாங்கத்துக்குக் கடலில் தெரியாமல் போனது ஏன்? ஆற்றின் மறுபக்கத்தில் வரி கட்டும் தஞ்சாவூர் நிலம் இருந்தது. துறைமுகத்தின் மறுபக்கத்தில் மீனவர் குப்பம்தான் இருந்தது. எனக்குத் தோன்றும் விடை இது.

கடலுக்கும் மணற்போக்கி உண்டு. துறைமுகத்தின் தெற்கே சேரும் மணலை அள்ளி, குழாய் வழியாக வடக்கே கொண்டுபோய்க் கொட்டிவிடுவது. பஸ் மறித்த இடத்தில் பயணிகளை இறக்கி, அந்தப் பக்கம் வேறு பஸ்ஸில் ஏற்றிவிடுவது மாதிரி. பெரிய ராக்கெட் வித்தை இல்லை. ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட்டில் 1986 முதல் இதற்கென்றே நிரந்தர பம்பு ஏற்பாடு ஓடுகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? விசாகப்பட்டினம் துறைமுகத்தில் மணல் பிடிக்கவே ஒரு பள்ளம் வைத்து, அதில் விழுவதைத் தூர்வாரி வடக்கே இருக்கும் ராமகிருஷ்ணா பீச்சுக்கு அனுப்புகிறார்கள். அதுவும் பூரணமான தீர்வு இல்லைதான், அங்கேயும் அரிப்பு பற்றிய புகார் உண்டு. ஆனாலும் மணல் கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமாவது கணக்கில் இருக்கிறது.

‘இதற்கு வருஷா வருஷம் செலவாகுமே’ என்பார்கள். ஆகும். சுவர் கட்டினால் ஒரு தடவை செலவு, திறப்பு விழா, கல்வெட்டில் பெயர். மணலை மாற்றிக் கொட்டுவது பாத்திரம் தேய்ப்பது மாதிரி. தினமும் செய்ய வேண்டும், யாரும் ரிப்பன் வெட்ட மாட்டார்கள். நம் ஊரில் ரிப்பன் வெட்ட முடியாத வேலைக்கு பட்ஜெட் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பஸ்ஸில் ஏறுவதற்கே ஆள் குறைந்துகொண்டு வருகிறது. கடற்கரை மணலில் பெரும்பகுதி ஆறுகள் மலையிலிருந்து கொண்டுவந்து சேர்ப்பது. அணைக்குப் பின்னால் கொஞ்சம் நின்றுவிடுகிறது. மிச்சத்தை நாம் ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏற்றி வீடு கட்டிவிடுகிறோம். என் ஃப்ளாட்டின் சுவரில் இருப்பது பாலாற்று மணலாக இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன். அதனால் இந்தக் கட்டுரையில் குற்றவாளிக் கூண்டில் எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்கிறேன்.

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் செயற்கைக்கோள் படங்களை வைத்து 1990 முதல் 2018 வரை அளந்து பார்த்தது. இந்தியக் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் அது 40 சதவீதத்துக்கும் மேல். சென்னைக்கு வடக்கே 2001-ல் எண்ணூர் துறைமுகம் வந்தது, அதற்கும் வடக்கே 2012-13-ல் காட்டுப்பள்ளி வந்தது. அதற்கும் வடக்கே இருப்பது பழவேற்காடு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மெல்லிய மணல் துண்டுதான் நிற்கிறது. அந்த மணல் துண்டும் தெற்கிலிருந்து வரும் பஸ்ஸை நம்பித்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒரு சுவர் எழுப்பினால் கடைசி ஸ்டாப்பில் என்ன வந்து சேரும்?

*

‘துறைமுகமே வேண்டாம் என்கிறாயா?’ என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. துறைமுகம் இல்லாவிட்டால் இந்தச் சென்னை இல்லை. நமக்கு அரிசியும் பெட்ரோலும் கம்ப்யூட்டரும் வந்த வழி அது. நிலத்தை மாற்றாமல் மனிதன் வாழ்ந்ததே கிடையாது. ஏரி வெட்டினான், வயலைச் சமன்படுத்தினான், ஆற்றைத் திருப்பினான். மாற்றுவது குற்றம் என்றால் கரிகாலனே முதல் குற்றவாளி. மாற்றிய பிறகு, லாபத்தை ஒரு தெருவுக்கும் நஷ்டத்தை இன்னொரு தெருவுக்கும் எழுதிவிட்டு, நஷ்டத்துக்கு ‘இயற்கை’ என்று கையெழுத்து வாங்குவதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

லாபம் யாருக்குப் போயிற்று என்று மெரினாவில் நடந்து பார்த்தாலே தெரியும். நாம் காற்று வாங்குவது அந்த மணலில். அரசியல் கூட்டங்கள் நடந்தது அந்த மணலில். அண்ணாவும் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் கலைஞரும் உறங்குவது அந்தக் கரையில். உழைப்பாளர் சிலை நிற்பதும் அங்கேதான். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது, 1959-ல் வைத்தது. நான்கு பேர் உயிரைக் கொடுத்து ஒரு பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். சின்ன வயதில் அவர்கள் அதை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று யோசித்ததுண்டு. இப்போது தெரிகிறது. ராயபுரத்தில் போடத்தான்!

இந்த நகரம் வட சென்னையிடமிருந்து நிறைய வாங்கியிருக்கிறது. கரன்ட், பெட்ரோல், மீன், கூலி ஆள் எல்லாம் அங்கிருந்துதான். வாங்கியதில் மணலும் ஒன்று என்று பலருக்குத் தெரியாது. ஒரு பக்கத்தில் மெரினாவை அழகுபடுத்தத் திட்டம் மேல் திட்டமாகப் போட்டுக்கொண்டே, இன்னொரு பக்கத்தில் எண்ணூர் சாலைக்குக் கல் ஏற்றி அனுப்பும் வரை இது கடனாகவே இருக்கும். திருப்பித் தருகிற உத்தேசம் இல்லாமல் வாங்குவதற்குக் கடன் என்று பெயர் இல்லை, வேறு பெயர் இருக்கிறது. இப்போதைக்கு நாகரிகமாகக் கடன் என்றே வைத்துக்கொள்வோம்.

அக்கா குடும்பத்தை எழும்பூரில் ரயில் ஏற்றிவிடப் போனேன். பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து, மெரினாவில் பொறுக்கிய கிளிஞ்சல்களைத் தட்டி மணலை உதறிக்கொண்டிருந்தான்.

‘‘டேய், அன்னிக்குக் கேட்டியே, அந்த மணலை யாரு கொண்டாந்து கொட்டினாங்கன்னு. மாமா தப்பாச் சொல்லிட்டேன்.’’

‘‘அப்ப யாரு மாமா?’’

துறைமுகம், அலை, பஸ் எல்லாவற்றையும் முடிந்தவரை சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு அடுத்த கேள்வியைப் போட்டான்: ‘‘அப்ப அந்த ஊர்க்காரங்க மணலை நாம திருப்பிக் குடுத்துரலாம்லா?’’

வண்டி கிளம்பிவிட்டது. நல்லவேளை.